மனச்சாட்சி என்றால் என்ன? கிறிஸ்தவப் பார்வையில் ஓர் அறிமுகம்

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் குழு ஒன்றில் ஒரு செய்தியை அனுப்பினேன். எனக்குப் பிடிக்காத கட்சியின் தலைவர் ஒருவர் பேசியதாக ஒரு வாக்கியம், கூடவே அவர் படம். அனுப்பும் முன் விரல் ஒரு நொடி நின்றது. 'இவர் இப்படிப் பேசக்கூடிய ஆளா?' என்று உள்ளே ஒரு கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு அனுப்பிவிட்டேன். அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான் காரணம். மறுநாள் அது இட்டுக்கட்டியது என்று தெரிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. சத்தமில்லாமல் அழித்துவிட்டேன். ஆனாலும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

பொய் என்று தெரியாமல்தானே அனுப்பினேன், அப்புறம் எதற்கு இந்த உறுத்தல் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஏனென்றால் என்னை உறுத்தியது மறுநாள் தெரிந்த உண்மை அல்ல, முந்தின நாள் விரல் நின்ற அந்த ஒரு நொடிதான். அந்த நொடியில் எனக்குச் சந்தேகம் இருந்தது என்பது வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்த 'எனக்குத் தெரியும்' என்பதைத்தான் கிறிஸ்தவ மரபு மனச்சாட்சி என்கிறது. 'மனச்சாட்சிப்படி நட' என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டாயிரம் வருடச் சிந்தனை இருக்கிறது. அது நாம் சாதாரணமாக நினைப்பதைவிடக் கொஞ்சம் வித்தியாசமானது. இதைப் புரிந்துகொண்டால் அறிவியல், அரசியல், அன்றாட வாழ்க்கை என மூன்றிலும் கிறிஸ்தவர்கள் ஏன் சில இடங்களில் பிடிவாதமாக நிற்கிறார்கள் என்பதும், எங்கே சறுக்கியிருக்கிறார்கள் என்பதும் விளங்கும்.

சொல்லிலிருந்து தொடங்கலாம்

தமிழில் நமக்கு அமைந்திருக்கும் சொல் அருமையான சொல். மனச்சாட்சி. மனத்துக்குள் இருக்கும் சாட்சி. சில தமிழ் விவிலியங்களில் மனச்சான்று என்று வரும், பொருள் ஒன்றுதான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கு 'சினெய்தேசிஸ்' என்று பெயர். 'கூடவே அறிந்திருத்தல்' என்பது அதன் பொருள். நான் ஒன்றைச் செய்யும்போது எனக்குள்ளேயே இன்னொருவர் கூட நின்று பார்ப்பது போல. லத்தீனில் அது 'கான்ஷியென்ஷியா' ஆயிற்று. அதற்குள் இருக்கும் 'சியென்ஷியா' என்பதற்கு அறிவு என்று பொருள். சயின்ஸ் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே கான்ஷியன்ஸும் சயின்ஸும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். பின்னால் அறிவியலைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

சாட்சி என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். வழக்கில் சாட்சிக்கு என்ன வேலை? கண்டதைச் சொல்வது. சட்டத்தை இயற்றுவது அவர் வேலை இல்லை. தீர்ப்பு எழுதுவதும் இல்லை. தனக்கு வேண்டியபடி நிகழ்வை மாற்றிச் சொன்னால் அதற்குப் பெயர் பொய்ச்சாட்சி. மனச்சாட்சியைக் கிறிஸ்தவம் இப்படித்தான் பார்க்கிறது. 'எனக்கு இது சரி என்று படுகிறது, ஆகவே இது சரி' என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. எது நன்மை என்பதை அது உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருக்கும் நன்மைக்கு எதிரே என்னை நிறுத்தி, நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறது.

இயேசுவின் அப்போஸ்தலரான பவுல், ரோமாபுரியில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைச் சொல்கிறார். மோசேயின் சட்டத்தையே அறியாத மக்களும் அந்தச் சட்டம் கேட்கிறதை இயல்பாகச் செய்கிறார்கள், அது அவர்கள் இருதயத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுடைய மனச்சாட்சியும் கூடச் சாட்சியிடுகிறது என்கிறார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனச்சாட்சி கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று பவுல் சொல்லவில்லை. மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் அது உண்டு என்கிறார். கிறிஸ்தவர்கள் மற்ற நம்பிக்கையாளர்களோடும் நம்பிக்கை இல்லாதவர்களோடும் நியாயம் அநியாயம் பற்றிப் பேச முடிவதே இந்த அடிப்படையில்தான்.

ஒரே தாவீது, இரண்டு மனச்சாட்சிகள்

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் மனச்சாட்சிக்குத் தனிச்சொல் கிடையாது. 'இருதயம்' என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் மனச்சாட்சி எப்படி வேலை செய்கிறது, எப்படி வேலை செய்யாமல் போகிறது என்பதைத் தாவீதின் கதையைப் போல் வேறெதுவும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

இளைஞனாக இருந்தபோது தாவீது, தன்னைக் கொல்லத் தேடி வந்த சவுல் ராஜாவுக்குத் தெரியாமல் அவருடைய சால்வைத் தொங்கலை அறுத்துக்கொள்கிறான். கொல்லவில்லை, துணியை மட்டும் அறுத்தான். அதற்கே 'அவன் மனது அடித்துக்கொண்டிருந்தது' என்கிறது முதலாம் சாமுவேல் புத்தகம். பல வருடங்கள் கழித்து அதே தாவீது ராஜாவாகிறார். பத்சேபாளை எடுத்துக்கொள்கிறார். அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகும்படி ஏற்பாடு செய்கிறார். குழந்தையும் பிறந்துவிடுகிறது. இவ்வளவு காலத்தில் அவர் மனது அடித்துக்கொண்டதாக அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லை. துணி அறுத்ததற்குத் துடித்தவர், ஆளைக் கொன்றுவிட்டு அரசாண்டுகொண்டிருக்கிறார்.

அப்போது நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். குற்றம் சாட்டவில்லை. ஒரு வழக்கைச் சொல்கிறார். ஒரு பணக்காரனுக்கு ஆடுமாடுகள் ஏராளம். ஏழை ஒருவனுக்கு ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அது அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப் போல வளர்ந்தது. பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது அவன் தன் ஆடுகளைத் தொடாமல் அந்த ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். கேட்ட தாவீதுக்குக் கோபம் மூண்டது. அவன் சாக வேண்டும், நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். நாத்தான் சொன்னார்: 'நீயே அந்த மனுஷன்.'

தாவீதின் நியாய உணர்வு செத்துப்போகவில்லை என்பது இதில் தெரிகிறது. அடுத்தவன் கதை என்றதும் அது துல்லியமாக வேலை செய்தது. தன்மீது திருப்பும் இடத்தில்தான் அடைப்பு இருந்தது.

13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் என்ற இறையியலாளர் இதையே இரண்டாகப் பிரித்து விளக்கினார். முதலாவது, 'நன்மையைச் செய், தீமையை விலக்கு' என்ற அடிப்படை அறிவு. அதற்கு அவர் பயன்படுத்திய பெயர் 'சிந்தெரேசிஸ்'. இது மனிதரிடமிருந்து அழியாது என்றார். இரண்டாவது, அந்தப் பொது அறிவை இந்த நேரம், இந்த இடம், நான் செய்யப்போகும் இந்தக் காரியம் என்று பொருத்திப் பார்க்கும் செயல். அதைத்தான் அவர் மனச்சாட்சி என்றார். அவருக்கு மனச்சாட்சி உள்ளே கேட்கும் ஒரு குரலோ உணர்ச்சியோ இல்லை. அது அறிவின் செயல். பொருத்திப் பார்ப்பதில் தவறு நேரலாம், சோம்பல் இருக்கலாம், தாவீதுக்கு நேர்ந்த மாதிரி ஆசை குறுக்கே வந்து நிற்கலாம்.

திரும்பத் திரும்பத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்குத் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது. 'மனச்சாட்சியில் சூடுண்ட' மனிதர்கள். சூடு போட்ட தோல் தழும்பேறி, தொட்டாலும் உணர்வு தெரியாமல் கிடப்பதை யோசித்துப் பாருங்கள். முதல் பொய்யில் வியர்க்கும். பத்தாவது பொய்யில் வியர்க்காது.

சாட்சி தப்பாகச் சொன்னால்?

புதிதாகக் கேட்பவர்கள் குழம்பும் இடம் இதுதான். மனச்சாட்சி தவறக்கூடும் என்றால் அதற்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்?

அக்குவினாஸின் பதில் கடுமையானது. தவறான மனச்சாட்சியும் ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்றார். ஒரு காரியம் பாவம் என்று நீ உண்மையாகவே நம்பிக்கொண்டு அதைச் செய்தால், அது உண்மையில் நல்ல காரியமாகவே இருந்தாலும் நீ செய்தது பாவம்தான், ஏனென்றால் உன் உள்ளம் தீமையைத்தான் தேர்ந்தெடுத்தது. அதற்காக அவர் துணிந்து எடுத்த உதாரணம் கிறிஸ்துவை நம்புவதையே. அதையும்கூட, அது தீமை என்று தன் அறிவு சொல்லும்போது ஒருவர் செய்யக்கூடாது என்றார். ஒரு துறவி, ஐரோப்பாவே கிறிஸ்தவ ஆட்சியில் இருந்த காலத்தில் இதை எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. மனச்சாட்சிப்படி நடந்தேன் என்பதாலேயே நீ குற்றமற்றவன் ஆகிவிடமாட்டாய் என்றும் சொன்னார். தெரிந்துகொள்ள முடிந்ததை, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டிருந்தால் அந்த அறியாமைக்கு நீயே பொறுப்பு. பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, என்னிடத்தில் எந்தக் குற்றமும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதனால் நான் நீதிமான் ஆகிவிடவில்லை என்றார். ஆகவே கிறிஸ்தவருக்கு இரண்டு கடமைகள். மனச்சாட்சிக்குக் கீழ்ப்படிவது ஒன்று. அதற்குக் கல்வி கொடுப்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம், இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

இதற்கு நான் எப்போதும் நினைப்பது பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாரை. 1502-இல் கரீபியத் தீவான இஸ்பானியோலாவுக்கு வந்தார். குருப்பட்டம் பெற்ற பிறகும் அங்குள்ள பூர்வகுடிகளின் கட்டாய உழைப்பில் வாழ்ந்தார். 1511-இல் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று குடியேற்றக்காரர்களைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். அப்போதும் லாஸ் காசாஸ் மாறிவிடவில்லை. 1514-இல் கியூபாவில் ஒரு பிரசங்கத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது, கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக் புத்தகத்தின் 34-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. அநியாயமாகச் சேர்த்ததிலிருந்து கொடுக்கும் காணிக்கை கறைபட்டது, ஏழையின் உணவைப் பறிப்பவன் கொலைகாரன் என்று அது சொல்கிறது. தன் பொறுப்பில் இருந்த பூர்வகுடிகளை விட்டுக்கொடுத்துவிட்டார். மீதி வாழ்நாள் முழுவதும் அவர்களுக்காக ஸ்பெயின் அரசவையில் வாதாடினார்.

இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் அதே லாஸ் காசாஸ், பூர்வகுடிகளின் துன்பத்தைக் குறைப்பதற்காக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனையும் சொன்னார். விழித்தெழுந்த மனச்சாட்சிக்கும் பக்கத்திலேயே இன்னொரு குருட்டுப்புள்ளி இருந்தது. பிற்காலத்தில் ஆப்பிரிக்கர்களைப் பிடித்த விதமும் அதே அநியாயம்தான் என்று உணர்ந்து, தன் யோசனைக்காக வருந்தி எழுதிவைத்தார். மனச்சாட்சி ஒரே நாளில் முழுசாகத் திறந்துவிடுவதில்லை என்பதை இவர் வாழ்க்கையில்தான் நான் புரிந்துகொண்டேன். நம் காலத்தில் நமக்குத் தெரியாமல் இருக்கும் குருட்டுப்புள்ளி எது என்ற கேள்வியும் அப்போதிலிருந்து என்னை விடவில்லை.

அடுத்தவர் மனச்சாட்சி

கொரிந்து பட்டணத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. கோயில்களில் பலியிட்ட இறைச்சி கடைகளுக்கும் வரும். கிறிஸ்தவர் அதை வாங்கிச் சாப்பிடலாமா? சிலர், விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, ஆகவே சாப்பிடலாம் என்றார்கள். அண்மைக்காலம் வரை அந்தத் தெய்வங்களை வணங்கிவந்த வேறு சிலருக்கு அதைச் சாப்பிட்டால் பழைய வழிபாட்டுக்கே திரும்பியது போல் இருந்தது.

பவுலின் பதிலை மெதுவாகப் படிக்க வேண்டும். கொள்கையில் முதல் கூட்டத்தார் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைச் சாப்பிடு. ஆனால் பக்கத்தில் இருப்பவர், இது படைக்கப்பட்டது என்று சொன்னால் சாப்பிடாதே, உன் மனச்சாட்சிக்காக இல்லை, அவர் மனச்சாட்சிக்காக என்கிறார். அறிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்த அறிவு பக்கத்தில் இருப்பவரை மிதித்துக்கொண்டு போகக்கூடாது. வாக்குவாதத்தில் ஜெயிப்பதையே பெரிதாக நினைக்கும் எனக்கு இந்த அதிகாரம் வருடத்துக்கு ஒரு முறையாவது தேவைப்படுகிறது.

அதிகாரத்தின் முன்னால்

அரசியலுக்கு வரலாம். கிறிஸ்தவர்கள் அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டுமா, எதிர்க்க வேண்டுமா என்று கேட்டால் புதிய ஏற்பாட்டில் இரண்டுக்கும் வசனம் இருக்கிறது. ரோமர் 13-இல், தண்டனைக்குப் பயந்து மட்டும் அல்ல, மனச்சாட்சியினிமித்தமும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் எழுதுகிறார். அப்போஸ்தலர் 5-இல், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுருவும் மற்றவர்களும் யூதத் தலைவர்களின் விசாரணைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இது முரண்பாடாகத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் வரியை ஒழுங்காகக் கட்ட வைப்பதும் மனச்சாட்சிதான், அநியாயமான கட்டளைக்கு முடியாது என்று சொல்ல வைப்பதும் அதே மனச்சாட்சிதான். முதலாவதைச் செய்யாதவர் இரண்டாவதைப் பற்றிப் பேசினால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

1521 ஏப்ரலில் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால், புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரை நிறுத்தி, திருச்சபையை விமர்சித்து எழுதியதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள், என் மனச்சாட்சி தேவனுடைய வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது, மனச்சாட்சிக்கு விரோதமாக நடப்பது பாதுகாப்பும் அல்ல, சரியும் அல்ல என்றார். கட்டுப்பட்டிருக்கிறது என்ற சொல்தான் முக்கியம். என் இஷ்டம் என்று அவர் சொல்லவில்லை. அதே லூதர் 1543-இல் யூதர்களுக்கு எதிராக, அவர்களுடைய ஜெப ஆலயங்களை எரிக்க வேண்டும் என்றுகூட எழுதினார். அதையும் அவர் மனச்சாட்சி உறுத்தாமலேயே எழுதியிருப்பார். ஒரு நாள் தைரியமாக நின்றவர் என்பதற்காக அவர் மனச்சாட்சி எல்லா நாளும் சரியாக இருந்தது என்று ஆகிவிடாது. இதை மறைக்காமல் சொல்வது நம் கடமை.

இருபதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற ஆஸ்திரிய விவசாயி இருந்தார். 1938-இல் ஜெர்மனியோடு ஆஸ்திரியாவை இணைப்பது பற்றிய வாக்கெடுப்பில் அவருடைய கிராமத்தில் 'வேண்டாம்' என்று வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். பிறகு ஹிட்லரின் படைக்கு அழைப்பு வந்தது. காயம்பட்டவர்களைக் கவனிக்கும் வேலை என்றால் செய்கிறேன், ஆயுதம் எடுக்கமாட்டேன் என்றார். பங்குத்தந்தை, ஆயர் என்று திருச்சபையைச் சேர்ந்தவர்களே, குடும்பத்தை நினைத்துப் பார், போய்ச் சேர்ந்துவிடு என்று புத்தி சொன்னார்கள். அவர் கேட்டார், யோசித்தார், மாறவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டிக் கொன்றார்கள். மனைவியும் மூன்று மகள்களும் அதன் சுமையைப் பல வருடங்கள் சுமந்தார்கள். 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தது.

பிடிவாதத்துக்கும் மனச்சாட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். யேகர்ஸ்டேட்டரைப் பாருங்கள். மறுத்துப் பேசியவர்களின் வார்த்தைக்குக் காது கொடுத்தார். வெளிப்படையாக மறுத்தார், ஒளிந்து ஓடவில்லை. தண்டனையை ஏற்றுக்கொண்டார். 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காம் சிறையிலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதமும் இதையே சொல்கிறது: அநியாயமான சட்டத்தை மீறுபவர் அதை வெளிப்படையாகவும் அன்போடும், தண்டனையை ஏற்கும் மனதோடும் மீற வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருச்சபையே அதிகாரமாக இருந்தபோது என்ன செய்தது? 1633 ஜூன் 22 அன்று ரோமில், ஏறக்குறைய எழுபது வயதான கலிலேயோவை முழங்காலிட வைத்து, பூமி நகர்கிறது என்ற கருத்தை வெறுத்து விலக்குவதாக வாசிக்க வைத்தார்கள். இதை அறிவியலுக்கும் மதத்துக்கும் நடந்த சண்டையாகவே பெரும்பாலும் பேசுகிறோம். எனக்கு அது அதைவிட மனச்சாட்சியின் வழக்காகத் தெரிகிறது. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல் என்று ஒரு மனிதரைக் கட்டாயப்படுத்தினார்கள். தங்கள் சொந்த ஆசிரியர் அக்குவினாஸ் கற்றுக்கொடுத்ததையே அவர்கள் மறந்துபோனார்கள். 1992-இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்தத் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மதக் காரியத்தில் யாரையும் அவர் மனச்சாட்சிக்கு எதிராக நடக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று அறிவித்திருந்தது. புராட்டஸ்டண்டு தரப்பில் 17-ஆம் நூற்றாண்டிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவன் ஒருவரே மனச்சாட்சியின் ஆண்டவர் என்று எழுதிவைத்தது. எழுதியவர்களும் அவர்கள் பின்னால் வந்தவர்களும் எல்லா நேரமும் அதன்படி நடந்தார்களா என்றால், இல்லை.

ஆய்வுக்கூடத்தில்

அறிவியல் என்றதும் படைப்பா பரிணாமமா என்ற விவாதத்துக்கே எல்லோரும் போய்விடுகிறார்கள். நான் வேறொரு மனிதரைக் காட்ட விரும்புகிறேன். ஜார்ஜ் லெமேத்தர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு, இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்கிற மாதிரி ஐன்ஸ்டைன் அவரிடம் சொன்னார். 1931-இல் லெமேத்தர் இன்னும் ஒரு படி போய், எல்லாம் ஒரு 'ஆதி அணு'விலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். பிற்பாடு பெருவெடிப்புக் கோட்பாடு என்று பெயர் பெற்ற எண்ணத்தின் ஆரம்பம் அது.

1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இந்தப் புதிய அறிவியல் படைப்பை உறுதிப்படுத்துகிறது என்ற தொனியில் உரையாற்றினார். ஒரு குருவுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? தன் கண்டுபிடிப்பைத் தன் திருச்சபையின் தலைவரே கடவுளுக்குச் சாட்சியாகக் காட்டுகிறார். லெமேத்தருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. தன் கோட்பாடு அறிவியல் கோட்பாடு, நாளைக்கு ஆதாரங்கள் மாறினால் அதுவும் மாறலாம், அதை விசுவாசத்துக்குச் சான்றாக நிறுத்தக்கூடாது என்பது அவர் நிலை. கடவுளை நம்பாதவரும் இந்தக் கோட்பாட்டை ஏற்கலாம், மறுக்கலாம் என்றும் சொன்னார்.

கடவுளுக்கு ஆதரவாகவே இருந்தாலும், ஆதாரம் சொல்லாததை அது சொல்வதாகச் சொல்லக்கூடாது. இதுதான் அறிவியலில் மனச்சாட்சி. 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்ற கட்டளையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எண்களைக் கொஞ்சம் வளைக்கும் ஆசை, வேண்டாத முடிவை ஓரம்கட்டும் ஆசை எல்லா ஆய்வாளர்களுக்கும் உண்டு. பக்தியுள்ளவருக்குக் கூடுதலாக ஒரு சோதனை இருக்கிறது. நல்ல நோக்கத்துக்காக வளைப்பது பாவமாகவே தெரியாது. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் அகுஸ்தீனுக்கே இது தெரிந்திருந்தது. வானம், பூமி, நட்சத்திரங்களின் இயக்கம் பற்றி நன்கு அறிந்த ஓர் அவிசுவாசி முன்னால், ஒரு கிறிஸ்தவர் வேதத்தைக் காட்டி அபத்தமாகப் பேசுவது வெட்கக்கேடு, அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டார்.

சத்தம் அதிகமானாலும் தொல்லைதான்

இதுவரை தூங்கும் மனச்சாட்சியைப் பற்றியே பேசினேன். வாசிப்பவர்களில் சிலருக்கு எதிர்ப் பிரச்சினை இருக்கும். எதைச் செய்தாலும் பாவமோ என்று பயம், மன்னிப்புக் கேட்ட பிறகும் சரியாகக் கேட்டோமோ என்று சந்தேகம். இதற்கு லத்தீனில் 'ஸ்க்ருபுலுஸ்' என்று ஒரு சொல் உண்டு. கூரான சிறு கல் என்று பொருள். செருப்புக்குள் புகுந்த கல் போல, அளவு சிறியது, ஆனால் ஓரடி வைக்கவிடாது.

பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது இந்த வேதனையில் தற்கொலை எண்ணம்வரை போனார். லூதர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்து, தன் ஆன்மிக வழிகாட்டியையே களைப்படைய வைத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு 'உன் மனச்சாட்சியைக் கேள்' என்று அறிவுரை சொல்வது கொடுமை. நம்பகமான ஒருவரிடம் பேசி அவர் சொல்வதைப் பிடித்துக்கொள்வதே அவர்களுக்கு நல்லது. தேவைப்பட்டால் மருத்துவ உதவியும் பெறலாம், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. யோவானின் முதல் கடிதத்தில், நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்தைவிடப் பெரியவர் என்று இருக்கிறது. சாட்சி மட்டும்தான் உள்ளே இருக்கிறார். நீதிபதி வேறு ஒருவர், அவர் இரக்கமுள்ளவர்.

அந்த வேதனையிலிருந்து வெளியே வந்த இஞ்ஞாசியார் பிற்காலத்தில் எளிய ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. அவர் அதை நன்றியிலிருந்து தொடங்கச் சொன்னார், குற்றத்திலிருந்து அல்ல. கிடைத்த நல்லதை முதலில் நினை, வெளிச்சம் கேள், பிறகு காலையிலிருந்து மணிமணியாக நடந்ததைப் பார், தவறியதற்கு மன்னிப்புக் கேள், நாளைக்கு என்ன செய்வாய் என்று யோசி. கால் மணி நேரம் போதும். நான் படுக்கும் முன் இதைச் செய்ய முயல்கிறேன். பாதி நாள் நடுவிலேயே தூங்கிவிடுகிறேன், அது வேறு விஷயம்.

அந்தப் பொய்ச் செய்தி மீண்டும் தலைதூக்கியது அப்படி ஓர் இரவில்தான். அழித்துவிட்டேன், முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் படித்தவர்கள் தலைக்குள் அது அழியாமல் இருக்கிறதே. மறுநாள் காலை அதே குழுவில் எழுதினேன்: 'போன வாரம் நான் அனுப்பிய செய்தி பொய். அனுப்பும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். மன்னிக்கவும்.' இரண்டாவது வாக்கியத்தை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. மூன்று முறை அழித்து எழுதினேன். அதை விட்டுவிட்டால் வெறும் தவறு என்று ஆகியிருக்கும்.

யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்சியை ஆதரிக்கும் நண்பர் மட்டும், பல மாதமாக என்னோடு பேசாமல் இருந்தவர், மாலையில் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். தான் போன மாதம் அனுப்பிய ஒன்றும் பொய்யாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.